கொடுத்த முடியும் கொட்டிய முடியும்

குளித்து முடித்ததும் கதவின் பின்னால் தொங்கிய இரண்டு துண்டுகளில் வெள்ளையை விட்டுவிட்டு அரக்குக் கலர் துண்டை எடுத்தார் ஏகாம்பரம். வெள்ளையில் முடி தெரியும். அரக்கிலும் தெரியும்தான், ஆனால் தேடினால் மட்டும் தெரியும், தேடாமல் இருப்பது தன் கையில்தானே இருக்கிறது என்று ஒரு ஏற்பாடு. அழுத்தித் துவட்டக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றினார். காலடியில் தண்ணீர் போகாமல் தேங்கி நின்றது. சல்லடை மூடி மறுபடியும் அடைத்துக்கொண்டிருக்கிறது. குனிந்து விரலால் வழித்தார். பாசி மாதிரி ஒரு பிடி வந்தது, வழவழவென்று, கருகருவென்று, இவ்வளவு நாள் தன் தலையில் இருந்தது என்று சொல்ல முடியாத ஒன்றாக. இதை எங்கே போடுவது என்பது தினமும் வருகிற யோசனை. குப்பைக் கூடையில் போட்டால் ஈரம் காய்ந்து பறக்கிறது. முடி பறக்கிற வீட்டில் சண்டை வரும் என்று மனைவி நவநீதம் சொல்வாள். சீப்பில் சுற்றியதை விரலில் சுருட்டி, எச்சில் துப்புகிற மாதிரி பாவனை செய்து, காகிதத்தில் மடித்துத்தான் போடுவாள். யாரோடு சண்டை வரும் இப்போது? ஃபேனோடா? இருந்தும் போன வாரத்து நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து எடுத்து வந்து அதில் வைத்து மடித்தார். மடித்த பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மருந்துக் கடையில் பொடி கட்டிக் கொடுக்கிற பொட்டலம் போல இருந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, மகள் சுகந்தி கூப்பிடுவாள், அதற்குள் தீர்மானம் செய்ய வேண்டும், என்ன தீர்மானம், சொல்வதா வேண்டாமா என்பது கூட இல்லை, சொல்வது என்று ஆகிவிட்டது, எப்படிச் சொல்வது என்பதுதான்.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் புனேவிலிருந்து முகம் பார்த்துப் பேசுவாள். மற்ற நாட்களில் குரல் மட்டும், அதுவும் ஆபீஸ் பஸ் ஏறுகிறவரைக்கும். கொட்ட ஆரம்பித்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தலையில் துண்டோடுதான் உட்கார்ந்தார். ஒரு வாரம் இப்போதுதான் குளித்தேன் என்றார். அடுத்த வாரம் சளி, தைலம் தேய்த்திருக்கிறேன் என்றார். அதற்கடுத்த வாரமும் குளித்தேன் என்றார். "என்னப்பா, நான் போன் பண்ணப்போறேன்னு தெரிஞ்சு ஓடிப்போய் குளிப்பீங்களா?" என்று சிரித்தாள். போன வாரம் சிரிக்கவில்லை. "அடுத்த தடவை துண்டு இல்லாம வாங்கப்பா, ஏதோ வேற யார்கூடயோ பேசற மாதிரி இருக்கு" என்றாள். சாதாரணமாகச் சொன்னாளா, சந்தேகப்பட்டுச் சொன்னாளா என்று அந்த வாக்கியத்தை அவர் வாரம் முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் இருந்த காலத்தில் ஒரு கம்பத்தில் ஏறிப் பழுது எங்கே என்று பார்க்கிற மாதிரி, ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குப் போய், அங்கே கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, திரும்பி வந்து. வேற யார்கூடயோ. அதில்தான் கரண்ட் இருந்தது.

கொட்டியதற்குக் காரணம் தெரியாதா என்ன. தெரியும். தீபாவளிக்கு முன்னால் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். எதிர்வீட்டு ஷம்ஷாத்தும் அவள் புருஷனும்தான் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். சுகந்திக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தது. அவளுக்கு அப்போது மாமியார் இடுப்பு எலும்பு உடைந்து படுக்கையில், பிள்ளைக்குப் பரீட்சை, சொல்லி என்ன ஆகப்போகிறது. பிழைத்து வந்து, கால் வலி போய், நாக்குக்கு ருசி திரும்பி, எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகு, பொங்கல் கழிந்து ஒரு காலையில் தலையணை உறையில் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார். காய்ச்சலைப் பற்றி அவருக்கு நினைவே வரவில்லை. தலையில் முடி போனால் அதற்கு இந்த வீட்டில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. வெயில் ஏறுகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். சரி, வந்துவிட்டது, என்று நினைத்தார். அதில் பயம் எவ்வளவு இருந்தது, நிம்மதி எவ்வளவு இருந்தது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிறகு தோல் டாக்டரிடம் போனார். சின்னப் பெண். தலையில் கை வைத்து ஒரு கொத்தை மெல்ல இழுத்தாள், வந்ததைப் பார்த்தாள், டெங்கு எப்போது வந்தது என்று கேட்டாள். "அப்ப சரிதான் தாத்தா. காய்ச்சல்ல முடியோட வேர் எல்லாம் ஒண்ணா தூங்கப் போயிடும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒண்ணா கொட்டும். அப்புறம் தானா முளைக்கும். மருந்தே வேணாம்" என்றாள். அவர் தாத்தா என்ற சொல்லிலேயே நின்றுவிட்டதால் மற்றதை இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது. வாழ்க்கையில் அதுவரை யாரும் அவரைத் தாத்தா என்று அழைத்ததில்லை, பேத்தி தவிர. அவ்வளவு கறுப்பு, அவ்வளவு அடர்த்தி. ரிட்டயர் ஆகிற நாளன்று மேடையில் ஒருவன், ஏகாம்பரத்துக்கு மட்டும் வாரியம் டை அலவன்ஸ் தருகிறது என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். டை அடித்ததில்லை, ஒரு நாளும் இல்லை.

சமையலறைக்குப் போய் டம்ளரை எடுத்தார், எதற்கு எடுத்தோம் என்று மறந்து கழுவினார், கவிழ்த்து வைத்தார். கேஸ் அடுப்பின் மேல் ஒரு முடி. சுண்டிவிட்டார். அதுவும் அவருடையதுதான், இங்கே வேறு யாருடையது இருக்கும். நவநீதத்தின் முடி நீளமாக இருக்கும், குழம்பில் கிடைத்தால் இழுக்க இழுக்க வரும், அவர் அதை விரல் நுனியில் தூக்கிக் காட்டுவார், "வேற பொம்பளை முடியா இருந்தாத்தான் நீங்க பயப்படணும்" என்பாள். மார்பில் கட்டி என்று தெரிந்து, ஊசி போட ஆரம்பித்தால் முடி போய்விடும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, பஸ்ஸில் திரும்பும்போது அவள் நோயைப் பற்றிப் பேசவே இல்லை. சத்துவாச்சாரி தாண்டியதும், "திருப்பதி போய்ட்டு வந்துடலாங்க" என்றாள். "தானா விழுந்தா குப்பைக்குப் போகும். நானே குடுத்துட்டா சாமிக்குப் போகும். தெருவுல கேட்டா வேண்டுதல்னு சொல்லிடலாம். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்." அவருக்குச் சாமி கும்பிடுகிற பழக்கம் இல்லை. ஆனால் போனார். மொட்டை போடுகிற கூடத்தில் பெண்கள் பக்கம் அவரை விடவில்லை, வெளியே நின்றார். ஈரத் தரையும் முடியும் மிதிபட்டு ஒரு வாடை. அவள் வெளியே வந்தபோது அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க இருக்கேன், எங்க தேடறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வீட்டுக்கு வந்து அவள் கையாலேயே தெருவுக்கெல்லாம் லட்டு பிட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு வாசலிலும், என்ன வேண்டுதல், என்ன வேண்டுதல். அவள் சிரித்தாள். மொட்டைத் தலையோடு ஒரு பொம்பளை வந்தால் இந்த ஊரில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான், எந்தக் கோயில் என்று. எந்த நோய் என்று யாருக்கும் தோன்றாது. அவ்வளவு நல்ல ஒளிவிடம் அது. தெருவுக்குச் சொன்னதோடு நின்றிருக்கலாம்.

சுகந்தி அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில், கடைசி வருஷம். பொங்கலுக்கு வந்தவள் வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு, "அய்யோ, என்னம்மா இது!" என்று ஓடி வந்து அம்மாவின் தலையைத் தடவினாள். நவநீதம் ஒரு நொடி யோசிக்கவில்லை. "உனக்கு வேலை கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்டி. கிடைச்சுதா இல்லையா?" என்றாள். கிடைத்திருந்தது, காலேஜிலேயே வந்து எடுத்திருந்தார்கள், அந்த மாதம்தான். பெண் அழுதுவிட்டாள். சந்தனம் குழைத்துத் தானே பூசிவிட்டாள், அம்மாவின் மொட்டைத் தலையோடு தன் தலையை ஒட்டிவைத்துப் படம் எடுத்துத் தோழிகளுக்கெல்லாம் காட்டினாள். பிறகு கதவோரம் நின்ற அவரிடம் திரும்பி, "நீங்க தடுக்கலையாப்பா?" என்றாள். "வேண்டுதல்னா நான் தடுக்க முடியுமா?" என்று அவர் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் அந்தச் சிரிப்பு எப்படி வந்தது, முகத்தில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று அவள் அப்புறம் எவ்வளவு தடவை நினைத்துப் பார்த்திருப்பாள். கோடையில் ஒரு நாள் போன் செய்தாள். "அப்பா, அம்மாவுக்கு ஏன் இன்னும் முடி வளரல?" அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "வேண்டுதல் மொட்டைன்னா இந்நேரம் காதுக்குக் கீழ வந்திருக்கணும்ல. போன வாரம் நல்லா பாத்தேன். ஒண்ணுமே இல்ல. அப்பா? இருக்கீங்களா?" மறுநாள் காலையில் பை கூட இல்லாமல் வந்து நின்றாள். திட்டவில்லை, ஒரு சொல் கேட்கவில்லை. அந்த வேலையில் அவள் சேரவே இல்லை. அம்மா போகிறவரைக்கும் கூடத்தில் பாய் போட்டு, அம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

"அண்ணே! இருக்கீங்களா, இல்ல உள்ளயே குடித்தனம் பண்றீங்களா?"

ஷம்ஷாத்தின் குரல். அவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். கையில் மூடி போட்ட கிண்ணம். துண்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாண்ணே இது, மாப்ள தலப்பா? பொண்ணு பாத்துட்டாங்களா?"

"நீ வேற ஷம்ஷாத். குளிச்சேன்."

"குளிச்சீங்களோ கொட்டினீங்களோ. என்கிட்ட இன்னா மறைப்பு, ஆஸ்பத்திரில உங்களுக்குக் கஞ்சி ஊட்டினவ நான். இந்தாங்க, சின்ன வெங்காயம் இடிச்சுச் சாறு எடுத்தது. நல்லா தேய்ங்க. எங்க வூட்டுக்காரர் வழுக்கைக்குத் தேய்ச்சேன், ஒண்ணும் வரல, அந்தாளு கிட்ட வரவும் விடல என்னை, நாத்தமாம். உங்களுக்கு வரும்."

"ஏன், எனக்கு மட்டும்?"

"உங்களுது காய்ச்சல்ல போனது. அவருது கஞ்சத்தனத்துல போனது." சிரித்தாள். பிறகு கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தபடியே குரலை இறக்கி, "சுகந்திகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"சொல்லுங்கண்ணே. தலையைப் பாத்தா அது ஓடி வந்துரும். வரட்டுமே. எவ்ளோ நாளாச்சு அது வந்து. போன வருசம் கூட வரலியே."

அவள் போன பிறகும் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடி வந்துரும். இதை ஷம்ஷாத் சொல்லித்தான் அவருக்குத் தெரியுமா? இல்லை. வாரக்கணக்காகத் தெரியும். துண்டுக்குள் அவர் மறைத்து வைத்திருந்தது தலையை மட்டும் இல்லை. வெங்காயச் சாற்றின் நெடி மூடியைத் தாண்டிக் கண்ணைக் கரித்தது. உள்ளே வந்து கிண்ணத்தை ஜன்னலில் வைத்தார். பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் இதில் உள்ள விசேஷம். துண்டை எடுத்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். காய்ச்சல் வந்ததும்மா, அதனால கொட்டுது, டாக்டர் பாத்தாச்சு, தானா முளைச்சிரும். அவள் நம்ப மாட்டாள். நம்பவே மாட்டாள். இந்த வீட்டில் ஒரு தலை வெறுமையானபோது அவளுக்குச் சொல்லப்பட்டதும் இப்படி ஒரு சாந்தமான காரணம்தான். கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னால், அந்தப் பொங்கலன்று கதவோரம் நின்று சிரித்த மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னால், உண்மையைச் சொன்ன மாதிரியும் இருக்கும், அவள் வந்து நின்ற மாதிரியும் இருக்கும். யார் குற்றம் சொல்ல முடியும்? நான் உள்ளதைத்தானே சொன்னேன் என்று கேட்கலாம். ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும். காட்பாடி ஸ்டேஷனில் மேம்பாலத்துக்குக் கீழே அவர் நிற்பார். பையை வாங்கிக்கொள்வார். அவள் தலையைப் பார்ப்பாள், தொடுவாள், அப்படியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவாள், எல்லாச் சோதனையும் செய்வார்கள், ஒன்றும் இருக்காது, அவள் சிரிப்பாள், அவரும் சிரிப்பார், அப்புறம் ஒரு வாரமாவது இருப்பாள். வெண்டைக்காய் வாங்க வேண்டும். அவள் அறையில் இருக்கிற பழைய செய்தித்தாள் கட்டுகளை எடுத்துப் போட வேண்டும். ராத்திரி கூடத்தில் விளக்கை யாராவது அணைக்க எழுந்து போகிற சத்தம் கேட்கும்.

அந்த வருஷமும் அப்படித்தான் கேட்டது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானேகூட முழுசாகச் சொன்னதில்லை. நவநீதம் போய்க்கொண்டிருந்த அந்த வருஷத்தைப் போல இந்த வீடு நிறைந்திருந்த வருஷம் வேறு இல்லை. மருந்து நேரம், கஞ்சி நேரம், சுகந்தி தரை துடைப்பது, நவநீதம் படுத்தபடியே வெங்காயம் வதங்கவில்லை என்று குரல் கொடுப்பது, மூன்று பேரும் ஒரே விளக்கில். வேலை முடிந்ததும் அவர் சைக்கிளை வேகமாக மிதித்து வீட்டை நோக்கி ஓட்டியதும் அந்த வருஷம்தான். அப்படி நினைக்கிறவன் என்ன மனுஷன். பெண்டாட்டி சாகக் கிடந்த வருஷத்தைத் திரும்பக் கேட்கிறவன். கேட்கவில்லை, அவளைத்தான் கேட்கிறேன். இல்லை, வீட்டைக் கேட்கிறேன். சத்தத்தைக் கேட்கிறேன். இப்படியே சுற்றிக்கொண்டு வந்து அவர் கண்ணாடி முன்னால் நின்றார். துண்டை அவிழ்த்தார். முன்பக்கம் கொஞ்சம் இருக்கிறது, வகிடு எடுத்த இடம் தெரு மாதிரி அகன்றுவிட்டது, உச்சியில் தோல் பளபளக்கிறது, பார்த்தால் யாரும் பயப்படுகிற தலைதான். பயமுறுத்துகிற அளவுக்கு இன்னும் வழுக்கை இருக்கிறது என்று அவர் நினைத்ததை அவரே கேட்டார். ஆனால் உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், கண்ணாடியில் தெரியாத இடத்தில், விரல் வைத்தால் வேறு ஒரு சேதி. நாலைந்து நாளாக. முள்முள்ளாக, சவரம் செய்து மறுநாள் தாடை இருக்கிற மாதிரி. முதல் நாள் சொறிசிரங்கு என்று நினைத்தார். இல்லை. அது முளைக்கிறது. அந்தச் சின்னப் பெண் சொன்னபடியே முளைக்கிறது. தடவ சந்தோஷமாக இருந்தது, தடவத் தடவ ஒரு அவசரமும் வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் தலை முழுக்க வந்துவிடும். வந்துவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அதற்கப்புறம் அவர் ஆரோக்கியமான மனுஷன், ஆரோக்கியமான மனுஷனைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுத்து வருவதில்லை. இன்றைக்கு விட்டால் போய்விடும்.

சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பாவை முட்டுக்கொடுத்துப் போனை நிற்க வைத்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் தலை இருட்டாகத் தெரியும், உச்சியின் முள்முடி எதுவும் தெரியாது. அப்படித்தான் உட்கார்ந்தார். தெரிந்துதான் உட்கார்ந்தார். துண்டு மடியில் இருந்தது. சொல்லிப் பார்த்தார், மெதுவாக, வாய்க்குள். டெங்கும்மா. அப்பவே சொல்லியிருக்கணும். தானா முளைச்சிரும். சிரிப்பு எந்த இடத்தில் வர வேண்டும் என்று தேடினார். போன் அடித்தபோது அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

முகம் வந்தது. நெற்றியில் வியர்வை, பின்னால் குக்கர் சத்தம். "அப்பா, சாப்டீங்களா? இங்க ஒரே..." என்று ஆரம்பித்தவள் நின்றாள். போனை முகத்துக்குக் கிட்ட கொண்டுபோனாள்.

"அப்பா, தலை என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. தீபாவளிக்கு முன்னால காய்ச்சல் வந்துச்சுல்ல. அது டெங்கு. அதனால கொட்டுது. டாக்டரைப் பாத்தாச்சு. தானா முளைச்சிரும்னு சொல்லிட்டாங்க." சிரித்தார். தேடியபோது கிடைக்காத சிரிப்பு தானாகவே வந்தது, அதே இடத்திலிருந்து, அவரே அதை உணர்ந்தார்.

அங்கே யாரோ குக்கரை அணைக்கச் சொன்னார்கள், அவள் திரும்பவில்லை.

"எந்த டாக்டர்?"

"தோல் டாக்டர்தாம்மா."

"தோல் டாக்டர் மட்டுமா?"

"ஆமாம்மா."

"அப்பா." குரல் இறங்கியிருந்தது. "அம்மாவும் இப்படித்தாம்பா சொன்னா. சிரிச்சுக்கிட்டே. நீங்களும் இப்படித்தான் நின்னீங்க. இன்னும் எவ்வளவுப்பா என்னை ஏமாத்துவீங்க ரெண்டு பேரும்?" அம்மா இன்னும் இருக்கிற மாதிரி ரெண்டு பேரும் என்றாள். "நான் வரேன். இன்னைக்கு ராத்திரி வண்டி இருக்கா பாக்கறேன். இல்லைன்னா நாளைக்கு. இவங்க அம்மாவை யாராவது பாத்துக்கட்டும். நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக. அவருக்குள் ஒன்று எழுந்து நின்றது, வெண்டைக்காயும், ஸ்டேஷன் மேம்பாலமும், விளக்கை அணைக்கிற சத்தமும் எல்லாம் சேர்ந்து ஒன்று. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். ஒன்றும் பேசாதீங்க என்று அவளே சொல்லிவிட்டாள். அவர் திரையைப் பார்த்தார். அவள் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு பக்கத்தில் வேறு எங்கோ பார்த்தாள், கணக்குப் போடுகிறாள், லீவு, பிள்ளை, மாமியார், டிக்கெட், அப்பா சாவதற்குள் போய்ச் சேர்வது. கோடையில் பை இல்லாமல் வாசலில் வந்து நின்ற முகம் அது. அந்த முகத்தோடு அவள் ஒரு பகலும் ஒரு இரவும் ரயில் ஜன்னலில் உட்கார்ந்து வருவாள். அவர் மனதில் போட்டுவைத்த ரயிலில் இதுவரை அவள் ஏறுவதும் இறங்குவதும் மட்டும்தான் இருந்தன. நடுவில் இருக்கிற தூரம் இல்லை.

"சுகந்தி, ஒரு நிமிஷம் இரும்மா." போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். எடுத்த வேகத்தில் கூரை தெரிந்தது, ஃபேன் தெரிந்தது. "என்னப்பா பண்றீங்க?" என்றாள். ஜன்னலுக்குப் போனார். கதவை முழுசாகத் திறந்தார். கிண்ணத்தை நகர்த்திவிட்டுப் போனைச் சாத்தி வைத்தார். வெயில் நேரே தலையில் விழுகிற மாதிரி நின்று, "உச்சிக்குப் பின்னால பாரும்மா. எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்" என்று சொல்லிக் குனிந்தார்.

"கிட்ட வாங்க." வந்தார். "இன்னும் குனிங்க. இந்தப் பக்கம் இல்லப்பா, வலது பக்கம்." திருப்பினார். குனிந்த கண்ணுக்கு அவருடைய கால்விரல்கள் மட்டும் தெரிந்தன, ஜன்னல் கம்பிகளின் நிழல் அவற்றின் மேல் விழுந்திருந்தது. அங்கே மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவர் காத்திருந்தார். டாக்டர்கூட இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

"இருக்குப்பா," என்றாள் மெதுவாக. அப்புறம் வேகமாக, "இருக்கு, இருக்கு. சின்னச் சின்னதா. நிறைய இருக்கு. முளைக்குதுப்பா."

"அதாம்மா சொன்னேன்."

"ஆனா எல்லாம் வெள்ளைப்பா."

"வெள்ளையா?"

"சுத்த வெள்ளை. ஒண்ணுகூட கறுப்பு இல்ல." அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சத்தத்தில் பிரிக்க முடியவில்லை. "போச்சு, உங்க டை அலவன்ஸ் எல்லாம் போச்சு." மூக்கை உறிஞ்சினாள். "உயிரே போயிடுச்சுப்பா எனக்கு. டெங்குன்னு அப்பவே சொல்லித் தொலைச்சா என்ன? இனிமே எதையாவது மறைச்சீங்கன்னா பாருங்க." நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. அந்த மூச்சில் அவளுடைய தோள் இறங்கியதை அவர் பார்க்காமலே பார்த்தார். ராத்திரி வண்டியும் நாளை வண்டியும் அந்த மூச்சோடு போயின. "நல்ல வேளைப்பா. இப்ப எனக்கு லீவே கிடைச்சிருக்காது தெரியுமா. மே மாசம் கண்டிப்பா வரோம். மூணு பேரும் வரோம், சரியா?"

"சரிம்மா."

"குக்கரைப் பாக்கணும், அடிப்பிடிச்சிரும். அப்பா, போதும், நிமிருங்க. முகத்தைக் காட்டுங்க, பாத்துட்டு வைக்கறேன்."

"நல்லா பாத்துட்டியா?" என்று கேட்டார்.

"பாத்துட்டேம்பா. நிமிருங்க."

"இந்தப் பக்கமும் ஒரு தடவை பாரும்மா," என்று தலையை இடது பக்கம் திருப்பி, அவர் குனிந்தபடியே நின்றார்.